இல்லாமல் போன இரண்டாவது வாசோ

போன செவ்வாய்க்கிழமை மெல்பேர்ணில் குதிரைகள் ஓடின. அதனால் எனக்கு லீவு.

சிரிக்க வேண்டாம். குதிரைப் பந்தயத்துக்குப் பொது விடுமுறை விடுகிற ஊரில்தான் நான் குடியிருக்கிறேன். இங்கிலாந்து ராணி பிறந்தது ஏப்ரலில். இங்கே அவருடைய பிறந்தநாள் லீவு ஜூனில். ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு ஊரே சேர்ந்து கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி வைத்தது. வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கிறார்களாம்...

எனக்கு இதெல்லாம் புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவளுக்குப் போயா லீவு தெரியாதா? பௌர்ணமிக்குப் பௌர்ணமி பள்ளிக்கூடம் பூட்டு. இடையில் சில வருடங்கள் ஞாயிற்றுக்கிழமையையே எடுத்துவிட்டு, நிலாவைப் பார்த்து வார விடுமுறை விட்டார்கள். அரசாங்கம் எந்த நாளை எந்த நாள் என்று சொல்கிறதோ அதுதான் அந்த நாள். நாங்கள் கால் நீட்டிப் படுத்து லீவை அனுபவித்தால் போதும். நாட்காட்டியைப் பற்றி என் அறிவு அவ்வளவுதான்.

இந்த எழுபத்தேழாம் வருடம் அந்த அறிவு ஆட்டம் கண்டுவிட்டது. இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று தரம் பேனாவை மூடி வைத்தேன். நான்காம் தரம் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். என் வீட்டுக்காரர் முன்னறையில் பந்தயச் செய்திக்காக ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். நான் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தேன்; பின்கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் வேலாயுதம் அண்ணன். கையில் பயணப் பை. ஒரு கிழமைக்கு முன் ரங்கூனுக்குப் போனவர். விமான நிலையத்தில் இருந்து நேரே வந்திருக்கிறார். எங்கள் வளவின் பின்பக்கம் இருக்கும் ஒற்றை அறையில்தான் அவர் குடியிருக்கிறார். அதற்கு இந்த ஊரில் பங்களா என்று பெயர். பங்களாவின் பூட்டைக்கூடத் திறக்காமல் என் கதவைத் தட்டியிருக்கிறார்.

கதிரையைக் காட்டினேன். உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். இரண்டு கிளாஸ் குடித்தார்.

அவர் சொன்னதை எழுதுவதற்கு முன், அவர் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நான் டான்டினாங்கில் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அண்ணன் அங்கே ஃபிட்டர். அவரை நான் முதலில் அறிந்தது லீவுப் படிவங்களின் மூலம்தான். எனக்கு வரும் படிவங்களில் காரணம் என்ற இடத்தில் எல்லாரும் பல்வலி, மனைவிக்குக் காய்ச்சல் என்று எழுதுவார்கள். ஒரு படிவத்தில் மட்டும் ‘ஃபுல் மூன்’ என்று இருந்தது. அடுத்த மாதமும் ‘ஃபுல் மூன்’. அவருக்குப் பின்னேர ஷிப்ட். பௌர்ணமி வந்தால் ஆள் வரமாட்டார். ஃபோர்மன் என்னிடம் வந்து, இவர் நிலாவைக் கண்டால் ஓநாயாக மாறுகிற ஆளா என்று கேட்டார். பெயரைப் பார்த்தேன். வேலாயுதம். எங்கள் ஆள்!

கன்டீனில் தேடிப் பிடித்துப் பேசினேன். அப்படித்தான் தெரிந்தது முழுக் கதையும்.

ரங்கூனில் பிறந்தவர். தகப்பனார் ராமநாதபுரத்தில் இருந்து அரிசி ஆலை வேலைக்குப் போனவர். அண்ணன் துறைமுகப் பட்டறையில் வேலை பழகி, ஒரு பர்மியப் பெண்ணைக் கல்யாணம் செய்தார். பெயர் மா தின். ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் இல்லை. அறுபத்து நாலில் அங்கிருந்த இந்தியர்களைக் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள் அல்லவா? அந்தக் கப்பல்களில் ஒன்றில் இவரும் மதராசுக்கு ஏற்றப்பட்டார். அவள் பர்மியப் பிரஜை. வெளியேற அனுமதி கிடைக்கவில்லை. இன்று கிடைக்கும், நாளை கிடைக்கும் என்று வருடங்கள் போயின. இந்த நாட்டில் எங்களைப் போன்றவர்களுக்குக் கதவு திறந்ததும் அவர் இங்கே வந்து சேர்ந்தார். அவளுக்கு அங்கே கதவு திறக்கவேயில்லை.

கடிதம் எழுதினால் பிரித்துப் படிப்பார்கள். அதனால் துறைமுகத்தில் பிரிகிறபோது இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒவ்வொரு மார்கழியிலும் அவள் அடுத்த வருடத்துப் பர்மிய நாட்காட்டியை அனுப்புவாள். அதில் சில நாட்களைச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருப்பாள். ஒரு சொல்லும் இருக்காது. வட்டம் போட்ட நாளில், ரங்கூன் நேரம் பிற்பகல் இரண்டரைக்கு, அவள் அங்கே விளக்கேற்றி உட்காருவாள். அவர் எங்கே இருந்தாலும் அதே நேரத்தில் உட்கார வேண்டும். மதராசில் அது ஒன்றரை மணி. மெல்பேர்ணில் மாலை ஆறு.

நாட்காட்டியில் படிக்க என்ன இருக்கிறது? தணிக்கைக்காரரும் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்.

பௌர்ணமிகளுக்கு வட்டம். சுதந்திர தினத்துக்கு, ஒன்றிய தினத்துக்கு, விவசாயிகள் தினத்துக்கும் வட்டம். அவளுக்குப் பள்ளிக்கூடம் லீவாக இருக்க வேண்டுமே! ஜூலையில் தியாகிகள் தினம் என்று ஒன்று. அந்நாட்டுத் தலைவர்களை ஒரே அறையில் வைத்துச் சுட்டுக் கொன்ற நாள். சுட்ட நேரத்துக்குச் சங்கு ஊதும், தெருவில் எல்லாரும் நிற்பார்கள் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அந்த நாளில் மட்டும் விளக்கில்லை, சும்மா உட்காருவது.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் எங்கள் பங்களாவுக்குக் குடிவந்த பிறகு, இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்தேன். ஏப்ரலில் தின்ஜான் பண்டிகை. தேவலோக அரசன் இரண்டு புத்தகங்களோடு பூமிக்கு இறங்குவானாம். புண்ணியம் செய்தவர் பெயருக்குத் தங்க ஏடு. பாவம் செய்தவருக்கு நாய்த்தோல் ஏடு. எங்களுக்கு அன்றைக்கு வருடப் பிறப்பு. நான் வடை சுட்டுக்கொண்டு போனால் அவர் என் தலையில் நாலு துளி குளிர்ந்த தண்ணீர் தெளிப்பார். மே மாதம் கசோன் பௌர்ணமிக்கு அரச மரத்துக்கு நீர் ஊற்ற வேண்டும். நாங்கள் இருக்கும் நோபல் பார்க்கில் அரச மரத்துக்கு எங்கே போவது? எங்கள் எலுமிச்சை மரத்துக்கு ஊற்றினார். அந்த வருடம் காய்த்துத் தள்ளியது.

அவர் சைவர். கந்தசஷ்டிக்கு விரதம் இருப்பவர். புத்தர் அவளுக்கு, அவள் அவருக்கு. அவ்வளவுதான்.

நாட்காட்டியைச் சுவரில் மாட்டியிருப்பார். முதல் நாளே கவனித்தேன், அது அச்சடித்ததில்லை. பள்ளிக் கொப்பியின் தாள்கள். பன்னிரண்டு தாள், நூலால் தைத்தது. கோடு போட்டு, வட்ட வட்டமான பர்மிய எழுத்தில், ஒவ்வொரு கட்டமாக எழுதியிருந்தது. எழுபத்தைந்தில் இருந்து இப்படித்தான் வருகிறது என்றார். அங்கே காகிதத் தட்டுப்பாடு. கடையில் நாட்காட்டி கிடைத்திருக்காது. தானே உட்கார்ந்து எழுதியிருக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னார்.

இந்த வருடம் ஜூலை முதலாம் தேதியளவில் வாசோ பௌர்ணமிக்கு வட்டம் இருந்தது. பிக்குகள் மழைக்காலத்துக்கு மடத்துக்குள் தங்கப் போகிற நாள். அண்ணன் வழக்கம்போல லீவு எடுத்து, விளக்கேற்றினார். ஒரு மாதம் போனது. ஆகஸ்ட் முதலாம் தேதி திங்கட்கிழமை, கன்டீனில் வேலை செய்யும் டோரீன் ஒரு டப்பாவில் இனிப்புக் கொண்டுவந்தாள். அவள் பாதி பர்மியப் பெண். சனிக்கிழமை வாசோ பௌர்ணமி, வீட்டில் பூசை வைத்தோம் என்றாள்.

அது போன மாதமே முடிந்ததே என்றார் அண்ணன்.

இல்லை, இந்த வருடம் இரண்டு வாசோ என்றாள் அவள்.

அடுத்த நாள் அவள் அச்சடித்த ரங்கூன் நாட்காட்டியைக் கொண்டுவந்து காட்டினாள். அவர்களுக்கு மாதக் கணக்கு நிலாவை வைத்து. பன்னிரண்டு நிலா சேர்ந்தாலும் வருடத்துக்குப் பதினொரு நாள் குறையும். அதைச் சரிக்கட்ட, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை வாசோ மாதத்தை இரண்டு தரம் வைப்பார்கள். எந்த வருடம் என்று பஞ்சாங்கம் போடுகிறவர்கள் கணக்குப் பார்த்துச் சொல்வார்கள். அதற்குப் பிறகு ஊரில் குழந்தைக்கும் தெரியும். இந்த வருடம் இரண்டு வாசோ. உண்மையான பண்டிகை இரண்டாவது வாசோவில்தான்.

மா தின் எழுதிய நாட்காட்டியில் இரண்டாவது வாசோ இல்லை. அதனால் அதற்குப் பிறகு வரும் அத்தனை பண்டிகைகளும் அவள் தாளில் ஒரு மாதம் முந்தி நின்றன.

அன்று மாலை அண்ணன் என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார். கையால் எழுதிய மூன்று நாட்காட்டிகளையும் மேசையில் வைத்திருந்தார். எழுபத்தைந்து, எழுபத்தாறு, எழுபத்தேழு. மூன்றும் ஒரே கொப்பித் தாள். ஒரே மை. நான் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். வலது மூலையில் ஒரு தண்ணீர்க் கறை. மேலே பெரிதாகத் தொடங்கி, தாளுக்குத் தாள் இறங்கி, இரண்டாவது நாட்காட்டியைக் கடந்து, மூன்றாவதன் நடுவில் ஒரு காசளவாகி முடிந்தது. மூன்றும் ஒன்றாக அடுக்கி இருந்தபோது யாரோ ஒரு கோப்பைத் தண்ணீரைச் சிந்தியிருக்கிறார்கள்.

“மூணையும் ஒரே நேரத்துல எழுதி வச்சிருக்கா,” என்றார் அண்ணன். “அப்ப இந்த வருஷம் ரெண்டு வாசோன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? சரி... எதுக்கு ஒரே நேரத்துல எழுதணும், தங்கச்சி?”

எனக்கு விளங்கியது. அவருக்கும் விளங்கியது. மூன்று வருட நாட்களை ஒருத்தி ஏன் முன்கூட்டியே எழுதி வைப்பாள்? நான் தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்டேன்.

அவர் ரங்கூன் முகவரிக்குக் கடிதம் போட்டார். பதில் இல்லை.

செப்டெம்பர் கடைசியில், அவள் தாளின்படி, ததிஞ்சுத் பண்டிகை வந்தது. விளக்குத் திருநாள். தாய்க்கு உபதேசம் செய்ய மேலுலகம் போன புத்தர், மூன்று மாதம் கழித்துப் பூமிக்கு இறங்கி வருகிற நாளாம். வழி தெரிய விளக்கு வைக்க வேண்டும். டோரீனின் நாட்காட்டிப்படி அதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. எதைப் பின்பற்றப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவள் வட்டம் போட்டிருக்கிறாள், அவள் உட்காருவாள் என்றார். கொஞ்சம் பொறுத்து, ஒரு ஆள் கூட இருந்தால் நல்லது என்றார்.

போனேன். என் வீட்டுக்காரர் அன்று வேலையால் வரப் பிந்தும் என்று சொல்லியிருந்தார். போகாமல் இருந்திருக்கலாம்.

ஜாம் போத்தல் மூடிகளில் ஒன்பது மெழுகுதிரிகளை ஜன்னல் ஓரமாக ஏற்றினார். அறைக்குள் ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் நாட்காட்டி. வேறொன்றும் இல்லை. நாங்கள் இருவரும் வாசற்படியில், அறைக்கு முதுகு காட்டி, தோட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். இன்னும் இருட்டவில்லை. பக்கத்து வீட்டுக் கராஜுக்கு மேலால் நிலா மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது.

அவரிடம் தட்டையான ஒரு வெண்கல மணி உண்டு. கயிற்றில் தொங்கும். சின்னச் சுத்தியலால் தட்டினால் அது சுழன்றுகொண்டே ஒலிக்கும். ஒலியும் கிட்ட வந்து தூரப் போய்த் திரும்பக் கிட்ட வரும். செய்த புண்ணியத்தை எல்லா உயிர்களுக்கும் பங்கு வைக்கிற மணி அது. தட்டிவிட்டு ‘அம்யா’ என்று மூன்று தரம் அழைக்க வேண்டும். சம பங்கு என்று அர்த்தம். கேட்கிறவர்கள் ‘சாது’ என்று சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் நாட்டு விகாரைகளில் நான் கேட்ட அதே சாதுதான். பர்மியர் நாக்கில் அது ‘தாது’ என்று வரும்.

தட்டினார். “அம்யா...”

ஒன்றுமில்லை. தூரத்தில் டான்டினாங் ரயில் போனது.

“அம்யா...”

மணி சுழன்று நின்றது.

“அம்யா...”

எங்களுக்குப் பின்னால், அறைக்குள், யாரோ இருமினார்கள்.

சின்ன இருமல். தொண்டையைச் சரிசெய்வது போல. அதன் பிறகு ஒரு பெண் குரல், நிலத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய உயரத்தில் இருந்து, களைத்துப்போய், தெளிவாக, ‘தாது’ என்றது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்ப முடியவில்லை என்பதுதான் உண்மை. என் கைகள் இரண்டும் படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. அண்ணனும் திரும்பவில்லை. நிலாவைப் பார்த்தபடியே கேட்டார்.

“தங்கச்சி, உனக்கு ஏதாச்சும் கேட்டுச்சா?”

“இல்லை அண்ணை,” என்றேன். “எனக்கு ஒண்டும் கேக்கேல்லை.”

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம். ஓம் என்று சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்ற பயம். அன்று இரவு அந்த வீட்டில்தானே நான் படுக்க வேண்டும்?

அவர் தலையை ஆட்டினார். மெல்லிய குரலில் சொன்னார்: “எனக்கு மூணு வருஷமாக் கேக்குது. அதுக்கு முந்தி ஒரு தடவகூடக் கேட்டதில்ல. மதராசுல இருக்கறப்பவும் இல்ல, இங்க வந்த புதுசுலயும் இல்ல. எனக்குத்தான் மண்டை கலங்கிப்போச்சு போல.”

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த கிழமை ஃபோர்மன் இரண்டு தரம் என்னிடம் வந்து, உங்கள் ஆளுக்கு என்ன நடந்தது, இயந்திரத்துக்கு முன்னால் நின்று கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று கேட்டார். தனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று ஒரு மனுஷன் நம்பிக்கொண்டிருக்கிறான். அதை நம்ப வைத்தது நான். தினமும் நினைத்தேன், இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று. தினமும் பின்னேரம் பங்களாவின் ஜன்னலைப் பார்ப்பேன். வாய் வராது.

பிறகு ஒரு நாள் அவரே லீவுப் படிவத்தோடு வந்தார். அவருக்கு அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டு கையில் வந்துவிட்டது. பர்மாவில் உல்லாசப் பயணிகளுக்கு ஏழு நாள் விசா கொடுக்கிறார்கள். பிறந்த ஊருக்கு உல்லாசப் பயணியாகப் போகப் போவதாகச் சொன்னார். காரணம் என்ற இடத்தில் ‘வைஃப்’ என்று எழுதியிருந்தார்.

இப்போது குதிரை ஓடிய செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

இரண்டாவது கிளாஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு, அண்ணன் சொன்னார். “அவ செத்து மூணு வருஷமாச்சு, தங்கச்சி.”

பழைய தெருவில், பழைய வீட்டில், மா தின்னின் அக்கா இருந்திருக்கிறாள். இவரைக் கண்டதும் அழவில்லையாம். காத்துக்கொண்டிருந்தவள் போலப் பாயை விரித்து உட்கார வைத்தாளாம். எழுபத்து நாலாம் வருடக் கடைசியில் மா தின்னுக்கு நெஞ்சு நோய் முற்றிவிட்டது. படுக்கையில் இருந்தபடியே ஒரு பள்ளிக் கொப்பியைக் கேட்டு வாங்கி, விரல் விட்டு எண்ணி எண்ணி, வரப்போகும் மூன்று வருடங்களை எழுதினாள். மூன்றாவது முடிந்து நான்காவதுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது கோப்பை சரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவளால் பென்சில் பிடிக்க முடியவில்லை.

வருடத்துக்கு ஒன்றாக அனுப்பு என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். நான் போய்விட்டதைக் கடிதத்தில் மட்டும் சொல்லாதே. தெரியாத ஊரில், கட்டிப்பிடித்து அழ ஓர் ஆள் இல்லாத இடத்தில் அவர் அதைப் படிக்கக் கூடாது. மூன்று வருடத்துக்குள் எப்படியும் வருவார், வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து சொல் என்றாளாம். அண்ணன் போட்ட கடிதம் அக்காவின் பெட்டிக்குள் இருந்தது. பிரிக்கப்பட்டு, படிக்கப்பட்டு, பதில் எழுதப்படாமல்.

அண்ணன் அக்காவிடம் ஒன்று கேட்டார். வட்டம் போட்ட நாட்களில், இரண்டரை மணிக்கு, மா தின்னுக்குப் பதிலாக நீ உட்கார்ந்தாயா? வேறு யாராவது?

எந்த இரண்டரை மணி என்று கேட்டாளாம் அக்கா. அவளுக்கு அந்த ஏற்பாடே தெரியாது. நாட்காட்டி அனுப்பு என்று தங்கை சொன்னாள், இவள் அனுப்பினாள். அவ்வளவுதான். போன செப்டெம்பர் பௌர்ணமிக்கு என்ன செய்தாய் என்று விடாமல் கேட்டிருக்கிறார். அது பண்டிகை இல்லையே, அரிசி வரிசையில் நின்றிருப்பேன் என்றாளாம்.

அந்த நாளைப் பண்டிகை என்று குறித்து வைத்திருந்தவள் உலகத்திலேயே ஒருத்திதான்.

அவர் ரங்கூனில் இருந்தபோதுதான் உண்மையான ததிஞ்சுத் வந்தது. தெரு முழுவதும் விளக்கு. அவள் பெயரில் பிக்குகளுக்குத் தானம் கொடுத்தார். இரண்டரை மணிக்கு, அவள் படுத்திருந்த அறையில், அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழைத்தார்.

“ஒண்ணும் கேக்கல,” என்றார். “அங்க ஒண்ணுமே இல்ல, தங்கச்சி. வெறும் அறை. எனக்குப் புத்தி சரியில்லங்கறது உறுதியாயிருச்சு. டாக்டர் யாரையாச்சும் பாக்கணும். உனக்குத் தெரிஞ்ச ஆள் இருந்தா சொல்லு.”

முன்னறை ரேடியோவில் குதிரைகளின் பெயர்களை ஒருவன் மூச்சுவிடாமல் வாசித்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து முன்னறைப் பக்கக் கதவைச் சாத்தினேன். திரும்பி வந்து அவருக்கு முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்தேன்.

“அண்ணை, அண்டைக்கு நான் பொய் சொன்னனான். எனக்கும் கேட்டது.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஐந்து கிழமை அவரை அந்த நரகத்தில் விட்டவள் நான்.

“என்ன கேட்டுச்சு?” என்றார். பரிசோதிக்கிற குரலில்.

“முதல்ல ஒரு சின்ன இருமல். பிறகுதான் அந்தச் சொல்லு. உள்ளுக்க இருந்து. நிலத்தில இருக்கிற ஆளின்ரை உயரத்தில.”

கடைசி மாதங்களில் அவளுக்கு எந்தச் சொல்லுக்கு முன்னாலும் இருமல் வரும் என்று அக்கா சொன்னதை, அதற்குப் பிறகுதான் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். என் குசினியில், என் மேசையில், அந்த மனுஷன் மூன்று வருடத்து அழுகையை அழுதார். என் வீட்டுக்காரர் ரேடியோவை நிறுத்திவிட்டு வந்து, ஒன்றும் கேட்காமல், அவர் தோளில் கையை வைத்தபடி நின்றார். எந்தக் குதிரை வென்றது என்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அன்று மாலை ஏழு மணி. கடிகாரத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள் அல்லவா, ரங்கூனின் இரண்டரை இப்போது எங்களுக்கு ஏழு. வெயில் நன்றாக இருந்தது. எந்த நாட்காட்டியிலும் அது பண்டிகை நாளில்லை, வட்டமும் இல்லை. அண்ணன் மணியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். ரங்கூனில் செய்த தானத்தின் புண்ணியத்தை இன்னும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை என்றார். இத்தனை நாளும் இருக்கிறவளைக் கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கிருந்து இல்லாதவளை இன்றைக்குத்தான் முதல் தரம் கூப்பிடுகிறேன் என்றார்.

தட்டினார். ஒலி எலுமிச்சை மரத்தைச் சுற்றி வந்தது.

“அம்யா... அம்யா... அம்யா...”

நான் பங்களாவின் திறந்த கதவைப் பார்த்தபடி நின்றேன். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. இருமலுக்காகக் காத்திருந்தேன். பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன். கதவுக்குள் கட்டில் தெரிந்தது; மேசை தெரிந்தது; அந்தத் தாள்கள் சுவரில் அசையாமல் தொங்கின. ஒரு சத்தமும் வரவில்லை.

அண்ணன் மணியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். கேட்கிறவர்கள் யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். யாரும் சொல்லாவிட்டால், கொடுத்தது வாங்கப்படாமல் நிற்கும்.

நான் வாயைத் திறந்து, கொஞ்சம் உரக்கவே, “தாது” என்றேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த கிரேக்கக் கிழவர், குழாயைப் பிடித்த கையோடு விறைத்துப்போய், என்னைப் பார்க்காமல் பங்களாப் பக்கம் பார்த்தார். பயப்படாதீர்கள் ஐயா, இந்த முறை நான்தான்.